கோடரிக்கு முன் காகிதம்: வர்ஜீனியாவின் அகஸ்டா கவுண்டியில் முதல் ஐரோப்பியக் குடியேற்றம்

1738 நவம்பரில் வர்ஜீனியா காலனியின் சட்டமன்றம் புளூ ரிட்ஜ் மலைத்தொடருக்கு மேற்கே இரண்டு புதிய கவுண்டிகளை உருவாக்கிச் சட்டம் இயற்றியது. ஒன்றுக்கு இங்கிலாந்து இளவரசர் ஃபிரெடரிக்கின் பெயர், மற்றதற்கு அவர் மனைவி அகஸ்டாவின் பெயர். அகஸ்டாவுக்குக் கிழக்கே மலை எல்லை, வடக்கே ஒரு கோடு எல்லை. மேற்கே எல்லை என்று எதுவும் கிடையாது. காலனியின் உரிமை எதுவரை செல்லுமோ அதுவரை கவுண்டியும் செல்லும். அந்தக் கணக்கில் இன்றைய மேற்கு வர்ஜீனியாவின் பெரும்பகுதி, கென்டக்கி, ஒஹையோ ஆற்றுக்கு அப்பாலுள்ள நிலங்கள் எல்லாமே அதற்குள் அடக்கம். ஆனால் அங்கே ஒரு நீதிமன்றம் கூடுவதற்கு 1745 டிசம்பர் வரை ஏழு ஆண்டுகள் பிடித்தன. அதுவரை வழக்கு, பத்திரம் எதுவானாலும் மலையேறி இறங்கி ஆரஞ்சு கவுண்டிக்குத்தான் போக வேண்டும். நீதிமன்றத்தைத் தர அவசரம் காட்டாத சட்டமன்றம், வரிச்சலுகையை மட்டும் அதே சட்டத்தில் எழுதி வைத்தது: புதிய கவுண்டிகளில் குடியேறுவோருக்குப் பத்தாண்டு வரிவிலக்கு.

அமெரிக்க எல்லைப்புறம் எப்படி உருவானது என்ற கேள்விக்கு அகஸ்டாவைப் போல வசதியான சோதனைக்களம் குறைவு. நீதிமன்ற ஆவணங்கள் ஏராளமாகத் தப்பிப் பிழைத்திருக்கின்றன. லைமன் சாக்லி அவற்றிலிருந்து எடுத்த குறிப்புகளை 1912இல் மூன்று பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். அதற்கு முன்பே, 1886இல், ஜோசப் வாடெல் இந்தக் கவுண்டியின் வரலாற்றை ஊர்ப்பற்றோடு எழுதியிருந்தார். ஃபிரெடரிக் ஜாக்சன் டர்னர் 1893இல் தம் புகழ்பெற்ற கட்டுரையை வாசித்த பிறகு, இப்படிப்பட்ட ஊர்களின் கதைக்கு ஒரு வார்ப்பு கிடைத்துவிட்டது. காலியான நிலம், கோடரியோடு வரும் ஏழை, அவன் தன் கையால் அமைத்துக்கொள்ளும் சமத்துவம். பின்வந்த ஆய்வாளர்கள் இந்த வார்ப்பை ஒவ்வொரு பக்கமாக உடைத்தார்கள். இந்தப் பள்ளத்தாக்கு தொடக்கத்திலிருந்தே சந்தையோடு பிணைந்திருந்தது என்று ராபர்ட் மிட்செல் 1977இல் காட்டினார். நல்ல நிலம் சில குடும்பங்களின் கைக்குள் இருந்ததை டர்க் மெக்லெஸ்கி பத்திரம் பத்திரமாகப் பார்த்து நிறுவினார். குடியேற்றமே பேரரசின் பாதுகாப்புத் திட்டம் என்பது வாரன் ஹாஃப்ஸ்ட்ராவின் வாதம்.

எனக்கு மூவர் சொல்வதும் ஏற்புடையதே. ஆனால் மூன்றையும் சேர்த்துப் படிக்கும்போது முன்னால் வந்து நிற்பது காகிதம். ஆளுநர் அவையின் உத்தரவு, சர்வே வரைபடம், பட்டா, கிரயப் பத்திரம், ஒப்பந்தம். கால் முதலில் போனதா, காகிதம் முதலில் போனதா என்று கேட்டால் பல இடங்களில் கால்தான் முந்தியது. நிலைத்ததும் பறித்ததும் காகிதம்.

முதலில் அந்தக் 'காலி நிலம்'. புளூ ரிட்ஜுக்கும் அலகேனி மலைகளுக்கும் நடுவே ஷெனண்டோவா ஆற்றின் மேல்பகுதியில் கிடக்கும் சுண்ணாம்புப் பாறைப் பள்ளத்தாக்கு அது. 1720களில் அங்கே நிரந்தரக் கிராமங்கள் அதிகம் இல்லை என்பது உண்மைதான். அது எக்காலத்துக்கும் ஆளில்லாத நிலமாக இருந்தது என்று அதற்குப் பொருளில்லை. மோனகன் போன்ற சியூ மொழிக் குடும்பத்து மக்களின் புதைமேடுகள் அப்பகுதியில் இருந்தன. பள்ளத்தாக்கின் புல்வெளிகள் தாமாக முளைத்தவை அல்ல. வேட்டைக்காகப் பூர்வகுடிகள் தீயிட்டுக் காத்து வந்தவை. பதினேழாம் நூற்றாண்டின் நோயும், இரோக்வாக்கள் தொடுத்த போர்களும் குடியிருப்புகளைக் கலைத்திருந்தன. எஞ்சியது ஒரு பாதை. வடக்கேயிருந்து இரோக்வா வீரர்கள் தெற்கேயுள்ள கட்டாபாக்களைத் தாக்கப் போய்வந்த பாதை. 1722இல் ஆல்பனியில் செய்துகொண்ட உடன்படிக்கை, மலைக்குக் கிழக்கே இரோக்வாக்கள் வரக்கூடாது என்றது. அப்படியானால் மலைக்கு மேற்கே உள்ளது எங்கள் வழி என்று அவர்கள் புரிந்துகொண்டதில் தவறு காண முடியாது. பின்னால் பென்சில்வேனியாவிலிருந்து குடியேறிகளின் வண்டிகள் வந்ததும் இதே வழியில்தான். பழைய ஆவணங்கள் அதை இந்தியப் பாதை என்றே குறிக்கின்றன.

வில்லியம்ஸ்பர்க்கில் இருந்த ஆட்சியாளர்களுக்கு இந்த இடம் ஏன் வேண்டும்? கடலோரப் புகையிலைப் பண்ணையாளர்கள் மலைக்கு அப்பால் குடிபோக ஆசைப்படவில்லை. 1716இல் ஆளுநர் ஸ்பாட்ஸ்வுட் பரிவாரத்தோடு மலையேறிப் பள்ளத்தாக்கில் இறங்கி, மன்னரின் நலத்துக்கு மது அருந்திவிட்டுத் திரும்பினார், அதோடு சரி. 1727இல் பொறுப்பேற்ற வில்லியம் கூச்தான் காரியமாக யோசித்தவர். மேற்கே பிரெஞ்சுக்காரர் கை நீட்டிக்கொண்டிருந்தனர். வடக்கே ஃபேர்ஃபாக்ஸ் பிரபு, தமக்கு அரச மானியமாக வந்த நிலத்தின் எல்லை மலைக்கு அப்பாலும் நீள்கிறது என்று உரிமை கொண்டாடினார். அவர் கைக்குப் போகுமுன் வழங்கிவிட வேண்டும் என்ற போட்டியும் கூச்சுக்கு இருந்தது.

மூன்றாவது காரணத்தைப் பழைய ஊர் வரலாறுகள் பேசுவதில்லை. 1729இல் ஜேம்ஸ் ஆற்றங்கரைப் பண்ணை ஒன்றிலிருந்து சுமார் பதினைந்து அடிமைகள் ஆயுதம், கருவிகளோடு தப்பி மலைகளுக்குள் போய் நிலம் திருத்தத் தொடங்கியிருந்தார்கள். ஆள் அனுப்பி அவர்களைப் பிடித்துவந்த கூச், இதை லண்டனுக்குக் கவலையோடு எழுதினார். ஜமைக்கா மலைகளில் தப்பிய அடிமைகள் படையாகத் திரண்டிருந்த காலம் அது. ஆகவே மலைக்கு அப்பால் வெள்ளைக் குடியானவர்களை வரிசையாக நிறுத்தினால், மேற்கிலிருந்து வருபவரையும் தடுக்கலாம், கிழக்கிலிருந்து ஓடுபவரையும் தடுக்கலாம். அரசுச் செலவில்லாத வேலி. தன் நிலத்தைக் காக்கத் தானே துப்பாக்கி எடுக்கும் குடும்பங்களைவிட மலிவான காவல்படை எந்த ஆளுநருக்குக் கிடைக்கும்?

வேலி போட ஒப்பந்தக்காரர்கள் வந்தார்கள். 1730 முதல் ஆளுநர் அவை பெரும்பரப்புகளைத் தனிநபர்களுக்கு ஒதுக்கத் தொடங்கியது. நிபந்தனை ஒன்றுதான்: ஆயிரம் ஏக்கருக்கு ஒரு குடும்பம் வீதம், இரண்டு ஆண்டுக்குள் கொண்டுவந்து குடியமர்த்த வேண்டும். யோஸ்ட் ஹைட் என்ற ஜெர்மானியர் வடபகுதியில் 1 லட்சம் ஏக்கருக்கு இப்படி உத்தரவு பெற்றார். அகஸ்டாவின் நடுப்பகுதியில் வில்லியம் பெவர்லிக்கு 1736 செப்டம்பரில் 1,18,491 ஏக்கருக்குப் பட்டா கிடைத்தது. அதற்குத் தெற்கே நியூ ஜெர்சிக்காரர் பெஞ்சமின் போர்டனுக்கு 1739இல் 92,100 ஏக்கர். பெவர்லி கடலோரப் பெருங்குடும்பத்தவர்; உடன் விண்ணப்பித்தவர்கள் தங்கள் பங்கை உடனே அவருக்கே விட்டுக்கொடுத்தார்கள். அந்த விண்ணப்பக் கூட்டணியின் தன்மையை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

பெவர்லியின் கணக்கு 1732 வசந்தத்தில் அவர் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் பச்சையாகத் தெரிகிறது. வடக்கத்தியர் இங்கே நிலம் வாங்க ஆசைப்படுகிறார்கள், ஏனென்றால் பென்சில்வேனியாவைவிட நூறு ஏக்கருக்கு ஆறேழு பவுண்டு மலிவாக முடிகிறது என்கிறார். பென்சில்வேனியாவின் உடைமையாளரான பென் குடும்பம் அதே ஆண்டில் தன் விலையை நூறு ஏக்கருக்கு 15 பவுண்டு 10 ஷில்லிங் என்று நிர்ணயித்தது. பெவர்லியும் போர்டனும் பின்னர் பெரும்பாலும் 3 பவுண்டு அளவில் விற்றார்கள். அரசுக்குச் செலுத்த வேண்டியதோ நூறு ஏக்கருக்கு 10 ஷில்லிங், அரை பவுண்டு. குடியானவனுக்கு மலிவு, இடையில் நின்றவருக்குக் கொள்ளை லாபம். இரண்டும் ஒரே விலையில் சாத்தியமானதால்தான் இந்தத் திட்டம் இவ்வளவு வேகமாக ஓடியது. கப்பல் தலைவர் ஜேம்ஸ் பேட்டன் அயர்லாந்திலிருந்து ஆட்களை ஏற்றிவரப் பெவர்லியோடு பேரம் பேசி, 1738 வாக்கில் தானும் வந்து இறங்கி, பத்தாண்டுக்குள் கவுண்டியின் மிகப் பலம் வாய்ந்த மனிதரானார்.

குடும்பங்களை எண்ணிக் காட்டினால்தான் பட்டா என்றால், எண்ணிக்கையில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. போர்டன் நிலத்தில் குடிசை கட்டுபவருக்குக் குடிசை ஒன்றுக்கு நூறு ஏக்கர் உரிமை. கட்டியவர் பெயரைக் குறித்துக்கொள்ள ஓர் ஆள் சுற்றி வருவார். அங்கே ஒரு வீட்டில் ஊழியம் செய்த பணிப்பெண் ஆண் உடை அணிந்து, குடிசைக்குக் குடிசை மாறி நின்று, ஒவ்வொன்றும் தனதென்று பதிந்து ஐந்தாறு உரிமைகளைச் சேர்த்துவிட்டாளாம். இந்தக் குடும்பப்பெயரில் இத்தனை பேரா என்று எண்ண வந்தவர் வியந்து போனாராம். சொன்னவர் மேரி மெக்டவல் கிரீன்லீ. 1737இல் போர்டன் நிலத்துக்கு வந்த முதல் குடும்பத்தில் ஒருவர். 1806இல் ஒரு நில வழக்குக்காக, தொண்ணூறைத் தாண்டிய வயதில், வாக்குமூலம் கொடுத்தபோது இதைச் சொன்னார். வடக்கே ஜேக்கப் ஸ்டோவர் என்பவர் தம் குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் மனிதப் பெயர் வைத்துக் குடும்பக் கணக்குக் காட்டினார் என்றும் ஒரு கதை உண்டு. குதிரைக் கதையை நான் நம்பவில்லை. பலருக்கும் ஒட்டும் கதை அது. பணிப்பெண் கதை வேறு வகை. விதி எங்கே ஓட்டையாக இருந்தது என்று அதைப் பயன்படுத்தியவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதைக் காட்டுகிறது. அந்த உரிமைகள் அவளுக்கே சேர்ந்தனவா, எஜமானருக்குச் சேர்ந்தனவா என்பதுதான் வாக்குமூலத்தைப் படிக்கும் எவருக்கும் எழ வேண்டிய கேள்வி.

வந்தவர்கள் யார்? பெரும்பான்மை வட அயர்லாந்தின் அல்ஸ்டரிலிருந்து வந்த ஸ்காட் வம்சாவளி பிரெஸ்பிட்டீரியன்கள். குத்தகைக் காலம் முடிந்ததும் நில உடைமையாளர்கள் வாடகையை ஏற்றியது, 1720களின் இறுதியில் வந்த தொடர் விளைச்சல் சேதம், ஆங்கிலிகன் அல்லாதவரைப் பதவிகளிலிருந்து விலக்கிய சட்டம் எல்லாம் சேர்ந்து அவர்களைக் கப்பலேற்றின. பிலடெல்பியாவில் இறங்கி, அங்கே விலை கட்டாமல், ஏறத்தாழ 300 மைல் தென்மேற்காக நடந்து வந்தார்கள். அவர்களுக்கு முன்பே 1720களின் பிற்பகுதியில் ஆடம் முல்லர் போன்ற ஜெர்மானியர் ஷெனண்டோவாவின் கீழ்ப்பகுதியில் வேர்பிடித்திருந்தனர்.

அகஸ்டாவின் ஆதிபுருஷராகக் கொண்டாடப்படும் ஜான் லூயிஸ் 1732இல் வந்தார். டோனகாலில் தம் நிலப்பிரபுவைக் கொன்றுவிட்டு ஓடிவந்தவர் என்று குடும்பத்தார் பெருமையோடு சொல்லிவந்தார்கள். கல்லறைக் கல்வெட்டில்கூட அது ஏறியிருக்கிறது. அந்த வீரக்கதையைவிட எனக்கு ஆர்வம் தருவது தேதிகள்தான். லூயிஸ் குடியேறியது 1732; பெவர்லியின் பட்டா 1736. நான்கு ஆண்டு தன் உழைப்பில் திருத்திய நிலத்தை, பிறகு காகிதம் பெற்று வந்த பெவர்லியிடமிருந்து லூயிஸ் பணம் கொடுத்து வாங்கினார். 1739இல் எழுதிய பத்திரத்தில் அவர் பெயருக்கு 2,000 ஏக்கருக்கு மேல் வந்தது. சண்டையில்லை, சச்சரவில்லை. நிலப்பிரபுவைக் கொன்றதாகச் சொல்லப்படுபவர் புதிய நிலப்பிரபுவோடு கைகுலுக்கிக்கொண்டார். மகன் தாமஸ் லூயிஸ் கவுண்டியின் சர்வேயர் ஆனார். பார்வைக் குறைவுள்ளவர் என்று குறிக்கப்படும் அவர் அளந்து தராமல் அகஸ்டாவில் யாருக்கும் புதிய பட்டா கிடைக்காது.

சாதாரணக் குடியேறிகளும் காகிதத்தின் மதிப்பை விரைவில் கற்றுக்கொண்டார்கள். 1740 மே மாதம் ஒரே நாளில் பதினான்கு குடும்பத் தலைவர்கள் ஆரஞ்சு நீதிமன்றத்தில் நின்று, அயர்லாந்திலிருந்து பிலடெல்பியா வழியாகச் சொந்தச் செலவில் வந்தோம் என்று சத்தியம் செய்தார்கள். தலைக்கு ஐம்பது ஏக்கர் என்ற பழைய சட்டச் சலுகைக்கு அந்தச் சத்தியம்தான் சாவி. மனைவி, மக்கள் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீதிமன்றப் பதிவேட்டில் வரிசையாக நிற்கின்றன. பல பெண்களுக்கு வரலாற்றில் கிடைத்த ஒரே இடம் அந்த வரி.

மத விஷயத்தில் ஆளுநர் நெகிழ்ந்து கொடுத்தார். வர்ஜீனியாவின் அதிகாரபூர்வத் திருச்சபை ஆங்கிலிகன். ஆனால் 1738இல் பிலடெல்பியாவின் பிரெஸ்பிட்டீரியன் சபை மன்றம் கேட்டபோது, சட்டத்துக்கு அடங்கி நடந்தால் உங்கள் போதகர்களுக்குத் தடையில்லை என்று கூச் உறுதியளித்தார். தாராள மனம் என்று இதைப் போற்றுவோர் உண்டு. வேலிக்கு ஆள் வேண்டியவர் வேறென்ன சொல்லுவார்? ஜான் கிரெய்க் என்ற போதகர் 1740இல் வந்து, அடுத்த பத்தாண்டுக்குள் 800-க்கும் மேற்பட்டோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஆனாலும் சட்டப்படி திருமணம் செய்துவைக்கும் உரிமை ஆங்கிலிகன் குருவுக்கே. ஆங்கிலிகன் திருச்சபையின் உள்ளூர் நிர்வாகக் குழுவுக்குத் தேர்தல் வந்தபோது, அதில் பிரெஸ்பிட்டீரியன்களே போய் உட்கார்ந்தார்கள். தலைவர் ஜேம்ஸ் பேட்டன். ஏழைகள், அநாதைகள் பராமரிப்பும் அதற்கான வரியும் அந்தக் குழுவின் கையில் இருந்ததால் கொள்கை முரண்பாடு யார் தூக்கத்தையும் கெடுக்கவில்லை.

நீதிமன்றம் கூடிய கட்டடத்தைப் பெவர்லியே கட்டிக்கொடுத்தார். தன் நிலத்தின் நடுவே, தான் மனை பிரித்து விற்கவிருந்த ஸ்டான்டன் ஊரில். அதன் லட்சணம் 1748 ஆவணம் ஒன்றில் இருக்கிறது. உள்ளளவு முப்பத்தெட்டு அடிக்குச் சற்று அதிக நீளம், பதினெட்டு அடிக்குச் சற்று அதிக அகலம். இருபுறமும் செதுக்கிய மரத்தடிச் சுவர். தடிகளுக்கிடையே நான்கைந்து அங்குல அகலத்தில் இடைவெளி. சில இடங்களில் மரத்துண்டும் களிமண்ணும் வைத்து அடைத்தது. ஜன்னலுக்காக வெட்டிய இரண்டு சிறு துளைகள், கண்ணாடியுமில்லை கதவுமில்லை. மன்னரின் நீதிமன்றம் உட்காரத் தகுதியற்றது என்று முடிகிறது அந்தக் குறிப்பு. ஆனால் இந்தக் காற்றோட்டமான கூடத்தில் கடன் வழக்குகள் வந்து குவிந்தன. சந்தையே தெரியாமல் தன் சோளத்தைத் தானே தின்று வாழ்ந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் இத்தனை பிராமிசரி நோட்டு வழக்குப் போட்டிருக்க முடியாது. மாடு, வெண்ணெய், தோல், பின்னாளில் சணல் எல்லாம் வடக்கே பிலடெல்பியாவுக்கும் கிழக்கே கடலோரத்துக்கும் போயின. கொன்ற ஓநாயின் தலைக்குக் கவுண்டி தந்த சன்மானமும் சான்றிதழாகக் கைமாறியது.

யாருக்கு நிலம் கிடைத்தது என்பதில் மெக்லெஸ்கியின் ஆய்வு டர்னரின் சித்திரத்துக்கு நேர் எதிர். பெவர்லி, போர்டன் நிலங்கள் விற்றுத் தீர்ந்த பிறகு வந்தவர்கள் சர்வேயரின் தயவை நாட வேண்டியிருந்தது. பேட்டன், லூயிஸ் குடும்பங்களும் அவர்களுடைய சம்பந்திகளும் நல்ல ஆற்றோர நிலங்களை முதலில் குறித்துக்கொண்டு, வருபவருக்கு விற்றார்கள். வரிப்பட்டியலில் பெயருள்ள கணிசமான ஆண்களுக்குக் கடைசிவரை சொந்த நிலமில்லை.

ஆனால் இந்த ஏற்பாட்டில் எதிர்பாராத சிலருக்கும் இடம் கிடைத்தது. 1750களின் நடுவில் ஆளுநர் தந்த கணக்கில் அகஸ்டாவில் வரிக்குரிய வெள்ளையர் 2,200-க்கும் மேல், கறுப்பினத்தவர் 40 பேர். எட்வர்ட் டார் என்ற கொல்லர் பென்சில்வேனியாவில் விடுதலை பெற்ற கறுப்பர். 1754இல் டிம்பர் ரிட்ஜில் 270 ஏக்கர் வாங்கினார். புளூ ரிட்ஜுக்கு மேற்கே நிலம் வைத்திருந்த முதல் சுதந்திரக் கறுப்பர் அவர்தான் என்று மெக்லெஸ்கி கருதுகிறார். 1753 இலையுதிர் காலத்தில் வட கரோலினா நோக்கிப் போன மொரேவியன் திருச்சபைச் சகோதரர்கள் அவர் பட்டறையில் நின்று குதிரைகளுக்கு லாடம் அடித்துக்கொண்டார்கள். கொல்லர் ஜெர்மன் பேசியதும், அவர் மனைவி ஸ்காட்லாந்துப் பெண் என்பதும் அவர்கள் நாட்குறிப்பில் ஏறின. உள்ளூர்ப் பிரெஸ்பிட்டீரியன் சபை போதகரை அழைத்தபோது கையெழுத்திட்டவர்களில் டாரும் ஒருவர். 1761இல், பழைய எஜமானரின் குடும்பத்திடமிருந்து அவரை விலைக்கு வாங்கியதாக ஒருவர் வந்து நின்றார். நீதிமன்றம் டார் சுதந்திர மனிதரே என்று தீர்த்தது. மேலே சொன்ன அதே காகித ஆட்சி, அபூர்வமாக ஒருமுறை, பலவீனமானவர் பக்கம் சாய்ந்தது.

வேலியின் நோக்கம் முதன்முதலாக 1742 டிசம்பரில் பரிசோதனைக்கு வந்தது. கட்டாபாக்களை நோக்கிப் போய்க்கொண்டிருந்த இரோக்வாக்களைச் சேர்ந்த ஒனாண்டாகா, ஒனைடா வீரர் குழு ஒன்று போர்டன் நிலத்தின் வழியாகச் சென்றது. உள்ளூர்க் குடிப்படையோடு கேப்டன் ஜான் மெக்டவல் அவர்களைப் பின்தொடர்ந்தார். ஜேம்ஸ் ஆற்றங்கரையில் துப்பாக்கிச் சண்டை மூண்டது. மெக்டவலும் இன்னும் ஏழு பேரும் இறந்தார்கள். யார் முதலில் சுட்டது என்பதில் இரு தரப்பும் இன்றுவரை ஒத்துப்போகாத சாட்சியங்களை விட்டுச் சென்றிருக்கின்றன. சண்டை பரவாமலிருக்க கூச் இரோக்வாக்களுக்கு 100 பவுண்டு அனுப்பிவைத்தார்.

முழுத் தீர்வுக்காக 1744 கோடையில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் கூடினார்கள். எங்கள் வாளால் வென்ற நிலம், எங்களிடமிருந்தே நீங்கள் உரிமை பெற வேண்டும் என்று இரோக்வாக்கள் வாதிட்டனர். வர்ஜீனியா 200 பவுண்டு மதிப்புள்ள சரக்கும் 200 பவுண்டு பொன்னும் கொடுத்துக் கையெழுத்து வாங்கியது. இரோக்வாக்கள் தாங்கள் விட்டுக்கொடுத்தது ஷெனண்டோவா பள்ளத்தாக்கு என்று நினைத்துத் திரும்பினார்கள். பத்திர வாசகமோ, வர்ஜீனியா காலனியின் இப்போதைய எல்லைக்கும் இனி விரியப்போகும் எல்லைக்கும் உட்பட்ட எல்லா நிலத்தையும் குறித்தது. வர்ஜீனியா சார்பில் பேச்சு நடத்திய இரண்டு ஆணையர்களில் ஒருவர் தாமஸ் லீ. மற்றவர் வில்லியம் பெவர்லி. எட்டு ஆண்டுக்கு முன் தமக்குப் பட்டாவான நிலத்தின்மீது இருந்த முந்தைய உரிமையை, அரசுப் பிரதிநிதியாகப் போய் அவரே தீர்த்துக்கொண்டு வந்தார்.

அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு அடுத்த அலை அலகேனியைத் தாண்டியது. 1745இல் பேட்டனுக்கு மேற்கே 1 லட்சம் ஏக்கர். 1749இல் லாயல் கம்பெனி என்ற நில நிறுவனத்துக்கு 8 லட்சம் ஏக்கர். ஒஹையோவில் வாழ்ந்த ஷானி மக்கள் லங்காஸ்டரில் கையெழுத்திடவில்லை. 1755 ஜூலையில் ஜெனரல் பிராடக்கின் படை பிரெஞ்சுக்காரரிடமும் அவர்களுடைய கூட்டாளிகளிடமும் தோற்றது. அதே மாதத்தில் இன்றைய பிளாக்ஸ்பர்க் அருகிலுள்ள டிரேப்பர்ஸ் மெடோவில் ஷானிகள் தாக்கியதில் ஜேம்ஸ் பேட்டன் கொல்லப்பட்டார். மேரி டிரேப்பர் இங்கிள்ஸ் சிறைபிடிக்கப்பட்டு, தப்பித்து, ஆற்றோரமாக நூற்றுக்கணக்கான மைல் நடந்து திரும்பினார். பல குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கரோலினாவுக்குப் போயின. வேலி என்பது முதலில் எரியும் பொருள் என்று அவர்களுக்கு வில்லியம்ஸ்பர்க்கில் யாரும் சொல்லியிருக்கவில்லை. வேலியாக நடப்பட்டவர்களின் பிள்ளைகள் இருபது ஆண்டுக்குள் தாக்கும் படையானார்கள். 1774 அக்டோபர் 10 அன்று பாயின்ட் பிளசன்ட்டில் ஷானிகளை எதிர்கொண்ட படைக்குத் தலைவர் ஜான் லூயிஸின் மகன் ஆண்ட்ரூ. அன்று இறந்தவர்களில் இன்னொரு மகன் சார்லஸும் ஒருவர்.

கென்டக்கி திறந்ததும் அகஸ்டாவின் முறை அங்கே இன்னும் பெரிய அளவில் அரங்கேறியது. 1779இல் வர்ஜீனியா இயற்றிய நிலச்சட்டம், முன்பே குடியேறியவருக்கு 400 ஏக்கரும், ஒட்டிய ஆயிரம் ஏக்கரை வாங்கும் முன்னுரிமையும் தந்தது. கூடவே நிலச்சீட்டுகளையும் சந்தையில் விற்று, உரிமைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படரவிட்டது. அகஸ்டாவின் வடபகுதியில், பிற்பாடு ராக்கிங்ஹாம் என்று பிரிந்த இடத்தில், லின்வில் ஓடைக்கரையில் 1768இல் பென்சில்வேனியாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் ஒன்று இருந்தது. அதன் மூத்த மகன் 1780களின் தொடக்கத்தில் கென்டக்கிக்குப் பெயர்ந்து, 1786இல் பூர்வகுடிகளின் தாக்குதலில் இறந்தார். லின்வில் ஓடைக்கரையில் பிறந்த அவருடைய மகன் தாமஸ், கென்டக்கியில் காசு கொடுத்து வாங்கிய பண்ணைகளைப் பட்டாக் குளறுபடியில் இழந்து, 1816இல் இந்தியானாவுக்குப் போனார். அரசே அளந்து சதுரமாகப் பிரித்து விற்ற நிலம் அங்கே கிடைத்தது. அப்பா கென்டக்கியை விட்டுப் போனதற்கு அடிமைமுறை ஓரளவு காரணம், முக்கியக் காரணம் நிலப் பத்திரத் தொல்லைதான் என்று அப்போது ஏழு வயதாயிருந்த பையன் ஆபிரகாம் லிங்கன் பின்னாளில் எழுதினார்.